கேட்கவில்லை

மகளின் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்த நர்ஸம்மாவுக்குப் பகீரென்றது. மூச்சுச் சத்தமே கேட்கவில்லை.

இடம் மாற்றி வைத்துப் பார்த்தாள். வலது, இடது, மேலே, கீழே. ஊஹூம். இதயம் மட்டும் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் சற்று நேரத்தில் பரீட்சை.

சாதாரணப் பரீட்சையா அது? ஒரு நோயாளியைத் தலை முதல் கால் வரை பார்த்து, தொட்டு, தட்டி, காது வைத்துக் கேட்டு, உடம்பு எப்படி இருக்கிறது என்று அங்கேயே சொல்ல வேண்டும். பாஸானால் கிளினிக்கில் அவளுக்கென்று தனி அறை. டாக்டருக்காகக் காத்திராமல் அவளே நோயாளிகளைப் பார்க்கலாம். பெயிலானால் பழையபடி ஊசி போடும் அறை. போன தடவை, கேட்காத சத்தத்தைக் கேட்டதாக அடித்துவிட்டு மாட்டிக்கொண்டாள். இந்தத் தடவை காதில் விழுந்ததைத் தவிர வேறெதையும் சொல்வதில்லை என்று சபதமே செய்திருந்தாள். நோயாளியாக வீட்டுக் குழந்தையையே கூட்டி வரலாம் என்றார்கள். குட்டியும் நான்தான் நான்தான் என்று குதித்தாள்.

அந்தக் குட்டிதான் இப்போது கன்னம் இரண்டையும் பலூன் மாதிரி உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மூச்சை நல்லா இழுத்து விடுடி, செல்லம்."

குட்டி மாட்டேன் என்று தலையாட்டினாள். முகம் சிவந்தது. சட்டென்று கட்டிலிலிருந்து குதித்துப் பக்கத்து அறைக்கு ஓடினாள். அங்கே போய்ப் புஸ் புஸ்ஸென்று மூச்சு வாங்கியது இங்கே வரை கேட்டது.

"ஸ்டெதஸ்கோப் பழசாயிருக்கும்" என்று இடையில் புகுந்தார் அவள் வீட்டுக்காரர். பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். அன்று காலையிலிருந்தே அவர் தங்கக் கம்பி. பாத்திரம் கழுவியாயிற்று, அவளுடைய யூனிபார்மை இஸ்திரி போட்டாயிற்று, யாரும் கேட்காமலே.

அவர் நெஞ்சில் வைத்துப் பார்த்தாள். மூச்சு ஜோராகக் கேட்டது. இதயம்தான் ரயிலைப் பிடிக்க ஓடுகிற மாதிரி ஓடியது. ஆக, கருவியில் கோளாறில்லை.

அப்படியென்றால் காதில் கோளாறு. சொட்டு மருந்தை விட்டாள். அதுவரை ஒழுங்காக இருந்த காதும் அடைத்துக்கொண்டது. தன் மேல் அடிக்கும் ஆஸ்பத்திரி வாடை குழந்தைக்கு ஆகவில்லையோ என்று மறுபடி ஒரு குளியல் போட்டாள். நேரம் போனதுதான் மிச்சம். ஈரத் தலையோடு கிட்டே போனால், மறுபடி பலூன். சாக்லேட் காட்டினாள், மிரட்டினாள், கெஞ்சினாள். ஒன்றும் நடக்கவில்லை.

ஸ்கூட்டரை எடுங்கள் என்றாள். பஞ்சர், ஆட்டோ சொல்லியாயிற்று என்றார் அவர். ஆட்டோவில் குட்டி அப்பா பக்கம் ஒட்டிக்கொண்டு மூக்கை வெளியே நீட்டியபடியே வந்தாள். வண்டி குலுக்கிய குலுக்கலில் நர்ஸம்மாவின் காதடைப்பு விட்டது. அந்த மட்டும் கடவுள் இருக்கிறார்.

பரிசோதகர் ஆள் குள்ளம், காரம் ஜாஸ்தி. கடுகு மேடம் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். அவர் முன்னால் நர்ஸம்மா குட்டியின் கண்ணைப் பார்த்தாள், நகத்தைப் பார்த்தாள், வயிற்றைத் தொட்டாள், முதுகைத் தட்டினாள். எல்லாம் கச்சிதம். கடைசியில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தாள்.

"மூச்சுச் சத்தம் கேட்கல மேடம்."

நர்ஸம்மாவைச் சுவரோரம் போய் நிற்கச் சொல்லிவிட்டு, கடுகு மேடம் தானே வைத்துப் பார்த்தார். குட்டி சமர்த்தாக இழுத்து இழுத்து விட்டாள். இரண்டு பக்கமும் அருமையாகக் கேட்கிறதே, இன்னொரு தடவை பாருங்கள் என்றார் மேடம். நர்ஸம்மா கிட்டே வந்தாள். பலூன்.

வாசலில் நின்ற வீட்டுக்காரர் கேட்கிறது என்று சொல்லித் தொலையேன் என்பதுபோல ஜாடை காட்டினார். அவருக்குச் சட்டையெல்லாம் வேர்வை. ஒரு வார்த்தை சொன்னால் போதும், தனி அறை கைக்கு வந்துவிடும். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. நர்ஸம்மாவுக்கு அழுகையும் வந்தது.

"இப்பவும் கேட்கல மேடம். காலைலேருந்தே நான் கிட்ட போனா இவ மூச்சு விடறதே இல்ல. என் காது நல்லாத்தான் இருக்கு. பெயில் போட்டாலும் போட்டுக்கோங்க."

கடுகு மேடம் பேனாவைக் கீழே வைத்தார்.

"நீங்க சொல்றது நெஜம்னா, பாஸ். இல்லேன்னா ஊசி ரூம். ஆனா ஒண்ணு. காலைலேருந்து கேட்கல, கேட்கலங்கறீங்களே, ஏன் மூச்சு விடலன்னு அவளைக் கேட்டீங்களாம்மா?"

நர்ஸம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். நோயாளியைத் தொடுவதற்கு முன்னால் கேட்க வேண்டும் என்பது முதல் நாள் பாடம். பார்த்தாள், தொட்டாள், தட்டினாள், கேட்கவில்லை.

மேடம் அவளை மறுபடி சுவரோரம் அனுப்பிவிட்டு, குட்டியின் முன்னால் குனிந்து விஷயத்தைக் கேட்டார். குழந்தைக்குத் தாகமாக இருக்கும் என்று முனகிக்கொண்டே வீட்டுக்காரர் உள்ளே பாய்ந்து வந்தார். அதற்குள் குட்டி நன்றாக ஒரு மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னாள்:

"அப்பா ஸ்கூட்டரைச் சுவத்துல இடிச்சு உடைச்சிட்டாரில்ல, அதைப் பத்தி அம்மாகிட்ட மூச்சே விடக் கூடாதுன்னு அவருதானே சொன்னாரு."