வாழைப்பழத்துக்கு வாய் தைத்த கதை

இனிமேல் என் வீட்டு வாசற்படியை ஒரு நூல்கண்டுகூடத் தாண்டக்கூடாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிவெடுத்தேன். உறுதியான முடிவு. மனசுக்குள்ளேயே எடுத்ததால் யாரும் எதிர்க்கவில்லை.

காரணம் சோபா. பேப்பர் படிக்கலாம் என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்ததைவிட வேகமாக எழுந்தேன். வேட்டியின் பின்பக்கம் ஒரு கொக்கி ஊசி மாட்டிக்கொண்டு தொங்கியது.

"ஏனுங்க, அசையாதீங்க," என்றாள் என் மனைவி லோகப்பிரியா.

எவ்வளவு அக்கறை என்று உருகிப்போனேன்.

"அந்த ஊசியில ஒரு பழம் பாதியில நிக்குதுங்க. நீங்க ஆடினா அவுந்து போயிரும்."

நான் கதிரேசன். கணபதியில் ஒரு பம்ப்செட் பட்டறையில் சூப்பர்வைசர். பட்டறையில் நான் இருமினால் லேத்து நிற்கும். வீட்டில் நான் தும்மினால் லோகுவுக்கு எண்ணிக்கை தப்பும். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பின்னியதையெல்லாம் பிரித்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பாள்.

எல்லாம் அவளுடைய தங்கை ரித்திகாவின் நிச்சயதார்த்தத்தில் தொடங்கியது. மாமனார் வீடு கோபிசெட்டிபாளையத்தில். வாழைத் தோட்டக் குடும்பம். கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையில் என்ன போடலாம் என்று பேச்சு வந்தது. மாப்பிள்ளை வீட்டார் எவர்சில்வர் டப்பா என்றார்கள். லோகு எழுந்து நின்றாள்.

"வர்ற அத்தனை குடும்பத்துக்கும் என்ற கையால ஒரு கீசெயின் பின்னித் தர்றனுங்க. சிரிக்கிற வாழைப்பழம். எங்க தோட்டத்துப் பழமாட்டவே இருக்கும்."

சபை கைதட்டியது. நானும் தட்டினேன். கோபியில் எங்களுக்கு எவ்வளவு சொந்தம் என்பதை அந்த நேரத்தில் நான் யோசிக்கவில்லை.

அதற்குப் பிறகு வீடு வீடாக இல்லை. டிவி மேல் மஞ்சள் நூல். ஃபிரிட்ஜ் மேல் பச்சை நூல். தலையணைக்குள் இருக்க வேண்டிய பஞ்சு சாம்பாரில் மிதந்தது. கல்யாணத்தன்று நான் இவளுக்குப் போட்டது மூன்றே முடிச்சு. அதற்கு இவள் இத்தனை முடிச்சு போட்டுப் பழி தீர்ப்பாள் என்று ஐயர் சொல்லவில்லை. சமையலறையில் குழம்பு ஊசிப்போனது. ஹாலில் ஊசி போகவே இல்லை.

"லோகு, சோத்துக்கு என்ன?"

"பதினாறு."

"என்னது?"

"பதினேழு. சித்தெ பேசாம இருங்க. எண்ணிட்டிருக்கறனுங்க."

மெதுவாக நூல் விட்டுப் பார்த்தேன். "ஏம்மணி, இதையெல்லாம் கடையில ரெடிமேடா விக்கறாங்களே. வாங்கிப் போட்டா வேலை முடிஞ்சுது."

அவள் ஊசியைக் கீழே வைத்தாள். அவள் ஊசியைக் கீழே வைத்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"சபையில என்ற கையாலன்னு சொல்லிப்போட்டேன். நாளைக்கு அவிய ஊட்டுல ரித்திகாவை ஒருத்தரும் ஒரு சொல்லு சொல்லக்கூடாதுங்க. நீங்க நாலு பேருக்கு முன்னால வாக்குக் குடுத்திருந்தா கடைக்குப் போவீங்களா?"

நான் இதுவரை எந்தச் சபையிலும் வாக்குக் கொடுத்ததில்லை. யாரும் கேட்டதில்லை.

மாடியில் குடியிருப்பவர் உவைஸ். உக்கடத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறார். அவரிடம் போய் அழுதேன்.

"இதுக்கு ஏனுங்கண்ணா கவலைப்படறீங்க," என்றார் உவைஸ். "இன்ஸ்டாகிராமுல இப்படிப் பின்னித் தர்றவங்க நிறையப் பேர் இருக்காங்க. பாதியை வெளிய செய்யச் சொல்லுங்க. வந்ததும் அண்ணியோட பெட்டியில கொஞ்சம் கொஞ்சமாக் கலந்து விடுங்க. பெட்டி நெறஞ்சுட்டா அவங்களே நிறுத்திருவாங்க."

என்ன மூளை. செல்போன் மட்டுமா ரிப்பேர் செய்கிறார், குடும்பத்தையே ரிப்பேர் செய்கிறார்.

உவைஸ் தேடி ஒரு பக்கத்தை எடுத்தார். பெயர் 'அம்மணி நூல்'. முகம் எதுவும் இல்லை. நூலால் பின்னிய பூ, யானை, தக்காளி. மாதிரிக்கு லோகு செய்த பழம் ஒன்றைப் படம் பிடித்து அனுப்பினோம். டைப் பண்ணச் சோம்பல்பட்டு உவைஸ் மைக்கை அமுக்கி என் வாயருகே நீட்டினார். எதற்கும் இருக்கட்டும் என்று குரலைக் கனமாக்கிக்கொண்டேன்.

"அம்மணி, நான் பல்லடத்துல இருந்து செங்கோடன் பேசறனுங்க. கோழிப்பண்ணை வெச்சிருக்கறன். ஒரு விசேசத்துக்கு இதே மாதிரி வாழைப்பழம் நிறைய வேணுமுங்க. ஊட்டுல சம்சாரத்துக்குத் தெரியக்கூடாது. ரகசியமா இருக்கட்டும்."

கொஞ்ச நேரத்தில் பதில் எழுத்தில் வந்தது. 'கட்டாயம் செஞ்சு தர்றமுங்க. மாதிரிப் பழம் ரொம்ப ஒணத்தியா இருக்குதுங்க. இதைப் பின்னுனவங்க கைக்குத் தங்கத்துல வளையல் போடணுமுங்க.'

"பாருங்க உவைஸ்," என்றேன். "போட்டிக்காரியையே புகழுது. சூது வாது தெரியாத பொண்ணு. எத்தனை மரியாதை, எத்தனை ங்க. இவளைக் கட்டினவன் குடுத்து வெச்சவன்."

அடுத்த பதில் அதைவிட நன்றாக இருந்தது. 'அட்வான்ஸ் எல்லாம் வேண்டாமுங்க. மஞ்சள் நூலும் பஞ்சும் மட்டும் வாங்கி உக்கடம் பஸ் ஸ்டாண்டுகிட்ட சென்னியம்மாள் பூக்கடையில குடுத்துருங்க. பழத்தையும் அங்கயே வாங்கிக்கலாமுங்க.'

நூலே கூடாது என்று முடிவெடுத்த நான் ஒரு பை நிறைய நூல் வாங்கினேன். என் வாசற்படியைத் தாண்டினால்தானே பாவம். பூக்கடையில் கொடுத்துவிட்டு, லோகுவுக்கு ஒரு முழம் மல்லிகையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் நான் வேலை முடிந்து வந்தபோது ஹாலில் புதுசாக ஒரு பை மஞ்சள் நூல் இருந்தது.

"இது எங்கிருந்து வந்துச்சு?"

"தெரிஞ்சவிய வாங்கிக் குடுத்தாங்க. பாவம், நல்ல மனுசன்."

"நல்ல மனுசனா? அடுத்தவன் குடும்பத்தைக் கெடுக்கறதுக்குன்னே நூலோட திரியறானுங்க. கிறுக்குப் பய."

"அப்படிச் சொல்லாதீங்க," என்றாள் லோகு, தலை நிமிராமல். "அவருக்கு ஊட்டுல என்ன கஷ்டமோ."

அன்றிலிருந்து வேலை குறையவில்லை. கூடியது. மாப்பிள்ளை பக்கம் இன்னும் ஆள் வருகிறார்களாம். கேட்டால் 'வேணுமுங்க, இன்னும் வேணுமுங்க' என்பாள். மாப்பிள்ளை பக்கத்துச் சொந்தத்தை நான் மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். பூக்கடைப் பார்சல் வருகிறவரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது என்று இருந்தேன்.

"ஏனுங்க, சும்மா பல்லைக் கடிச்சுட்டு உக்காந்திருக்கறதுக்கு இந்தப் பஞ்சை அடைச்சுக் குடுங்க."

அடைத்தேன். மறுநாள் சாவி வளையம் மாட்டினேன். அதற்கடுத்து பதவி உயர்வு கொடுத்தாள். கருப்பு நூலால் பழத்துக்கு வாய் தைக்கும் வேலை. மைக்ரோமீட்டர் பிடித்த கை. ஆனாலும் நான் தைத்த ஒரு பழமும் சிரிக்கவில்லை. எல்லாப் பழத்துக்கும் வாய் கீழ்நோக்கித் தொங்கியது. உப்புமாவைப் பார்த்த முகம்.

"இதென்னங்க, அழுவுது?"

"தைக்கறவன் மனசு எப்படியோ அப்படித்தான் வரும்."

பிரிக்கச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சிரித்துக்கொண்டே வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

கல்யாணம் நெருங்கியது. ஒரு சனிக்கிழமை மத்தியானம், பார்சல் தயார் என்று உவைஸ் சொன்னார். உக்கடத்துக்குப் பறந்தேன். சென்னியம்மாள் பூக்கூடைக்கு அடியிலிருந்து பெரிய அட்டைப் பெட்டியை இழுத்துக் கொடுத்தாள். லோகு கடைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து வீட்டுக்குள் கொண்டு வந்தேன். ஹால் நடுவில் உட்கார்ந்து பெட்டியைப் பிரித்தேன்.

மேலே இருந்த பழம் சிரித்தது. பக்கத்தில் இருந்ததும் சிரித்தது. அதற்கடுத்த பழம் என்னைப் பார்த்து அழுதது.

எடுத்துப் பார்த்தேன். அது என் தையல். என் முடிச்சு. அடியில் கையை விட்டு அள்ளினேன். என்னுடைய துக்கங்கள் கொத்துக் கொத்தாக வந்தன.

"செங்கோடனுங்களா, வாங்க," என்று பின்னால் குரல் கேட்டது. "பல்லடத்துல கோழியெல்லாம் சௌக்கியமுங்களா?"

லோகு கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். கையிலிருந்த பழங்களை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"அப்ப அந்த அம்மணி நூல்…"

"நான்தானுங்க. வருசக் கணக்கா வெச்சிருக்கறேன். நீங்க கிரிக்கெட்டுப் பார்க்கறப்ப எல்லாம் என்ன பண்ணிட்டிருந்தேன்னு நினைச்சீங்க?"

"நான்தான்னு எப்பத் தெரிஞ்சுது?"

"நீங்க வாயைத் திறந்ததுமே தெரிஞ்சுதுங்க. சளி புடிச்ச எருமையாட்டப் பேசினா பொண்டாட்டிக்கு அடையாளம் தெரியாம போயிருமா?"

எனக்குக் கோபம் வந்தது. வரவேண்டிய கோபம்தான். "தெரிஞ்சும் ஏன் ஆர்டரை ஒத்துக்கிட்டே?"

"பொண்டாட்டியாக் கேட்டா நூல் வாங்கித் தர்றீங்களா? பஞ்சு அடைக்கறீங்களா? செங்கோடன் எல்லாஞ் செஞ்சாருங்க. தங்கமான மனுசன்."

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒரு அழும் பழத்தை எடுத்துப் பார்த்தாள். முகம் இளகியது.

"போட்டோ அனுப்பினேன். ரித்திகா மாமியாருக்கு இந்த அழுகாச்சிப் பழந்தான் ரொம்பப் புடிச்சுதாம். புகுந்த ஊட்டுக்குப் போற பொண்ணாட்டவே இருக்குதுன்னாங்களாம்." பெட்டியை மூடினாள். "கல்யாணத்துக்கு வேண்டியது அத்தனையும் இதுதானுங்க. எல்லாம் முடிஞ்சுபோச்சு."

முடிந்துபோயிற்று. அந்த ஒரு சொல்லுக்காக நான் செங்கோடனாக இருந்ததையும், எருமையானதையும் மன்னித்துவிட்டேன். இன்று ராத்திரி குழம்பு. நாளைக்கு சோபா. நானே பெட்டியைத் தூக்கி அலமாரி மேல் வைத்தேன். திரும்பினால், அவள் கடையிலிருந்து கொண்டுவந்த பை கதவோரம் இருந்தது. உள்ளே ரோஸ் நூல், இளநீல நூல், வெள்ளை நூல்.

"இது எதுக்கு லோகு?"

அவள் ஊசியை எடுத்து முதல் முடிச்சைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "கல்யாணம் ஆனா வளைகாப்பு வராம போயிருமுங்களா?"