எழுபத்திரண்டு இடத்தில் சரி

காரின் சாரதிப் பக்கக் கதவு மூன்றாவது நாளாகத் திறக்கவில்லை. ஆகவே தேயிலைத் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் ஜதீஸ்வரன் மூன்றாவது நாளாகவும் இடப்பக்கக் கதவால் உள்ளே போய், கியர்த் தடியைத் தாண்டி, வயிற்றை ஸ்டியரிங்குக்கு அடியில் நுழைத்து உட்கார்ந்தார். வயது ஐம்பத்து நான்கு. இறங்கும்போது இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். தோட்டத்து ஆபீஸ் முற்றத்தில் அவர் தலை முதலிலும் கால் பின்னாலுமாக வெளியே வருவதைப் பார்க்கவென்றே சனம் வேலைக்குப் பத்து நிமிடம் முந்தி வரத் தொடங்கியிருந்தது.

குவார்ட்டர்ஸ் வாசலில் நின்ற மனைவி மகாதேவி, மூன்றாவது நாளாக அதே கேள்வியைக் கேட்டாள்.

"நுஹ்மானுக்கு ஒரு போன் அடியுங்கோவன். சேர்ட்டிபிக்கேட் தந்துதானே வித்தவர்."

"ஸ்போர்ட்ஸ் கார் எண்டால் இப்பிடித்தானப்பா" என்றார் ஜதீஸ்வரன், ஜன்னலுக்கு உள்ளேயிருந்து.

அந்தச் சேர்ட்டிபிக்கேட் காரின் முன்பெட்டியில் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்தது. எழுபத்திரண்டு அம்சங்களைப் பரிசோதித்து, எழுபத்திரண்டுக்கும் நேரே பச்சை மையில் 'சரி' போட்டு, மாவனல்லை வாகன வியாபாரி நுஹ்மான் தன் கடை முத்திரையைக் குத்தியிருந்தார். கதவுகள் ஒன்பதாவது அம்சம். சரி.

போன் அடிக்க முடியாததற்கு ஒரு காரணம் இருந்தது. அது புருசன் பெண்சாதி இரண்டு பேருக்கும் தெரிந்த காரணம்தான். மகாதேவிக்கு அது உறைக்கவில்லை, ஜதீஸ்வரனுக்கு நாளெல்லாம் உறைத்தது.

பத்து வருடத்துக்கு முன்னர் யாழ்ப்பாணத்திலிருந்து இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்த புதிதில், ஜதீஸ்வரன் மூன்று மாதச் சம்பளத்தைக் கொடுத்து ஒரு நீலக்கல் வாங்கினார். மகாதேவிக்கு மோதிரம் செய்ய ஆசை. வாங்கிய கையோடு, எதற்கும் ஒரு தரம் காட்டிப் பார்ப்போம் என்று இரத்தினபுரி மாணிக்கத் தெருவுக்குப் போனார். அங்கே ஒரு புரோக்கர் கல்லை வெயிலில் பிடித்து, டோர்ச் அடித்து, உச்சுக்கொட்டி, இது வெறும் கண்ணாடி, போனால் போகிறது, தேத்தண்ணிக் காசு தாறேன், வைத்துவிட்டுப் போங்கள் என்றான். ஜதீஸ்வரனுக்கு முகம் செத்துவிட்டது. கல்லைப் பறித்துப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகு அவர் அதை ஒருவருக்கும் காட்டவில்லை. வெட்கம்.

மகாதேவியிடம் மட்டும் உள்ளதைச் சொன்னார். அது அடுத்த பிழை. அன்று தொடக்கம் பத்து வருடம் அந்த வீட்டில் அவர் சொல்லுக்கு மதிப்பில்லை. காஸ் அடுப்பு எது வாங்குவது, மகளை எந்தப் பள்ளிக்கூடத்தில் விடுவது, எதற்கு வாய் திறந்தாலும் மகாதேவி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கண்ணாடி வாங்கின மனுசன் சொல்லுறார்" என்பாள். கோபமாகக்கூட அல்ல. கோபமென்றால் திருப்பிக் கோபிக்கலாம்.

பிறகு நடந்ததுதான் அதிசயம். சில வாரத்துக்கு முன்னர் ஏதாவது பழைய சின்னக் கார் பார்க்கலாமென்று இருவரும் மாவனல்லைக்குப் போனார்கள். அடையாள அட்டையை எடுக்கப்போன ஜதீஸ்வரனின் பேர்ஸிலிருந்து, எறிய மனமில்லாமல் வைத்திருந்த அந்தக் கல் நுஹ்மானின் மேசையில் விழுந்தது. நுஹ்மான் அதை எடுத்துப் பார்த்தார், வைத்தார், பால் தேத்தண்ணி வரவழைத்தார், மழையைப் பற்றிக் கதைத்தார். பிறகு, காசெல்லாம் எதற்கு, இந்தக் கல்லைத் தந்துவிட்டு வாசலில் நிற்கிற சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். அந்தப் பக்கத்தில் கல்லுக்கு வாகனம் மாறுவது புதினமில்லை. வாகன இறக்குமதி நின்று, பழைய காருக்குத் தங்க விலை சொன்ன காலம் அது.

ஜதீஸ்வரன் பொய் சொல்லவில்லை. கல் நல்லதென்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

திரும்பி வரும் வழி முழுக்க மகாதேவி அவரையே பார்த்துக்கொண்டு வந்தாள். அடுத்த நாள் வவுனியாவில் இருக்கும் தங்கச்சியிடம் போனில், "அவர் ஆழமா யோசிச்சுத்தான் ஒண்டைச் செய்வார்" என்று சொன்னது ஜதீஸ்வரனின் காதில் விழுந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பத்து வருடத்தில் அப்படியொரு சொல்லை அவர் கேட்டதில்லை. அந்தச் சொல்லைக் காப்பாற்ற, ஜன்னலால் ஏறச் சொன்னாலும் ஏற அவர் தயார்.

ஆனால் காரைப் பற்றி முறைப்பாடு போனால் என்ன நடக்கும்? நுஹ்மான் காரை எடுத்துக்கொண்டு கல்லைத் திருப்பித் தர நினைப்பார். தருவதற்கு முன் யாரிடமாவது காட்டுவார். கண்ணாடி என்று தெரிந்துவிடும். பிறகு பொலிஸ், பிறகு தோட்டத்துத் துரை, பிறகு ஊரெல்லாம் பெரிய கிளாக்கர் கள்ளன் என்ற பேச்சு. எல்லாவற்றுக்கும் கடைசியில் மகாதேவியின் முகம்.

அப்படி அவர் நடுங்கிக்கொண்டிருந்தபோது நுஹ்மானே போன் எடுத்தார்.

"சேர், வாகனம் எப்படி ஈக்குது? ஒரு குறையும் இல்லையே?"

"ஒரு குறையும் இல்லை. முதல்தரம்."

"ஒண்டுமே இல்லையா சேர்? எதுக்கும் ஆள் அனுப்புறேன்" என்று நுஹ்மான் போனை வைத்தார்.

விற்றுவிட்ட காரைப் பற்றி எந்த வியாபாரி தானாக விசாரிப்பான்? ஜதீஸ்வரனுக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. தொழிலாளர் பெயர் பதியும் செக்ரோலில் ஒரே பெயரை இரண்டு தடவை பதிந்தார்.

அடுத்த நாள் வசந்தன் வந்து இறங்கினான். நுஹ்மான் கடை மெக்கானிக். தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, மாவனல்லையில் தொழில் பார்க்கும் நாற்பது வயதுக்காரன். மூன்று பஸ் மாறி வந்தவன் ஒரு சதம் கேட்கவில்லை. கதவைக் கழற்றி மாட்டினான். கதவு திறந்தது. ஆனால் அதற்குப் பிறகு ஜன்னல் கண்ணாடி மேலே ஏற மறுத்துவிட்டது.

இரத்தினபுரியின் மழை யாருக்காகவும் காத்திருப்பதில்லை. ஜதீஸ்வரன் ஒரு கையால் ஸ்டியரிங்கையும் மறு கையால் காருக்குள்ளே விரித்த குடையையும் பிடித்துக்கொண்டு இரண்டு வாரம் ஆபீசுக்குப் போனார். நுஹ்மான் மறுபடியும் போன் எடுத்தார். முதல்தரம் என்றார் ஜதீஸ்வரன், தும்மிக்கொண்டு. வசந்தன் மறுபடியும் வந்தான். இந்தத் தடவை நான்கு புது டயரும், நுஹ்மான் வீட்டில் செய்த வட்டிலப்பம் ஒரு சட்டியும் கொண்டு வந்திருந்தான். மகாதேவி ருசித்துச் சாப்பிட்டாள். ஜதீஸ்வரன் தன் பங்கையும் அவள் பக்கம் தள்ளிவிட்டார்.

வசந்தன் ஜன்னலைச் சரிசெய்தான். அதற்காக ஒரு வயரை இழுத்ததில் பிரேக்கை மிதித்தால் ஹோர்ன் அடிக்கத் தொடங்கியது.

சமதரையில் என்றால் சமாளிக்கலாம். தோட்டத்துப் பாதையில் ஒரு மைலுக்கு இருபத்தொரு வளைவு. கொழுந்து நிறுக்கிற நேரம் வந்ததும் லொறிக்காரன் கீழே நின்று ஹோர்ன் அடிப்பதும், மலையில் நிற்கும் பெண்கள் கொழுந்துச் சாக்கோடு இறங்கி வருவதும் அந்தத் தோட்டத்தின் வழமை. அன்று பெரிய கிளாக்கர் வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்துக்கொண்டு போக, மூன்று மலைகளில் நின்ற பெண்களும் நிறுக்க ஒரு மணித்தியாலம் இருக்கும்போதே ரோட்டுக்கு இறங்கிவிட்டார்கள். லொறியும் இல்லை, தராசும் இல்லை. இறங்கியவர்களைத் திரும்ப ஏற்ற கங்காணிமாரால் முடியவில்லை.

துரை விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பினார். பத்து வருடமாக மற்றவர்களுக்கு விளக்கக் கடிதம் டைப் அடித்துக் கொடுத்த ஜதீஸ்வரன், முதன்முதலாகத் தனக்கே ஒன்று அடித்தார். மானம் போய்விட்டது. ஆனாலும் நுஹ்மான் போன் எடுத்தபோது, "ஹோர்ன் நல்ல சத்தம்" என்று மட்டும் சொன்னார்.

மூன்றாவது தடவை வசந்தன் வந்து ஹோர்னை நிறுத்தினான். ஒரேயடியாக நின்றுவிட்டது. அன்று பின்னேரமே, ஹோர்ன் இல்லாத கார் வருவது தெரியாமல் ரோட்டில் படுத்திருந்த ஒரு மாட்டுக்காக ஜதீஸ்வரன் ஓரங்கட்ட, கல்லில் அடிபட்டுச் சைலன்சர் கழன்று விழுந்தது.

வசந்தன் மறுபடியும் வந்து ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கினான். அவன் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் மகாதேவி டோர்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்து அடியில் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ. இது ரெண்டு கார்."

ஜதீஸ்வரனும் குனிந்தார். நடுவில் குறுக்காக ஒரு ஒட்டு ஓடியது. ஒட்டுக்கு முன்னால் உள்ளே சிவப்பு, பின்னால் உள்ளே நீலம். எங்கேயோ முன்பக்கம் அடிபட்ட ஒன்றையும் பின்பக்கம் அடிபட்ட ஒன்றையும் வெட்டி ஒட்டிச் சிவப்புப் பூசியிருந்தார்கள். அடிச்சட்டம், அம்சம் ஒன்று. சரி.

"உது ஆளைக் கொல்லும்" என்றாள் மகாதேவி. அவர் தடுக்க முன்னமே அவருடைய போனை எடுத்து நுஹ்மானுக்கு அடித்துவிட்டாள்.

முதல் மணியிலேயே நுஹ்மான் எடுத்தார். அவள் பாதி சொல்லவும் இல்லை. மன்னிக்கச் சொன்னார், நாளைக்கே வேறு கார் அனுப்புகிறேன் என்றார், நான்கு கதவு, புது எஞ்சின், ஒரு சதம் வேண்டாம், வசந்தன் நீட்டுகிற பேப்பரில் சேர் ஒரு கையெழுத்து மட்டும் போட்டால் போதும் என்றார். மகாதேவி பூரித்துப்போய், எவ்வளவு தங்கமான மனுசன், நீங்கள் ஏன் மூன்று மாதமாக அவஸ்தைப்பட்டீர்கள் என்று கேட்டாள்.

ஜதீஸ்வரனுக்கோ வேறு கணக்கு ஓடியது. கார் தருகிறவன் கையெழுத்து ஏன் கேட்கிறான்? கல்லைச் சோதித்துவிட்டான். இனி வழக்குப் போட எழுத்தில் ஒரு அத்தாட்சி வேண்டும். வேறென்ன?

சொன்னபடி அடுத்த நாள் வெள்ளைக் கார் வந்தது. மகாதேவி நான்கு கதவையும் திறந்து பார்த்தாள், ஜன்னலை ஏற்றி இறக்கினாள், குனிந்து அடியிலும் பார்த்தாள். ஒரே கார்தான். வசந்தன் பேப்பரை நீட்டினான்.

ஒரு எழுத்து விடாமல் வாசிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாத மனிதர் ஜதீஸ்வரன். அன்று முதல் வரியைத் தாண்ட அவரால் முடியவில்லை. 'ஜதீஸ்வரன் ஆகிய எனக்குச் சொந்தமாயிருந்த நீலமாணிக்கக் கல்' என்று அது தொடங்கியது. வாயை மூடிக்கொண்டிருந்தது ஒன்று. பெயர் வைத்துக் கையெழுத்துப் போடுவது வேறு. பேனையை மூடினார்.

"தம்பி வசந்தன், உம்மட முதலாளிக்கு நான் துரோகம் செய்திட்டன்."

மகாதேவி அவர் முழங்கையைக் கிள்ளினாள். அவர் நிறுத்தவில்லை. நிறுத்தினால் இனிமேல் சொல்ல வராது என்று அவருக்குத் தெரிந்தது.

"அது மாணிக்கமில்லை. கண்ணாடி. பத்து வருசமா எனக்குத் தெரியும். இவாவுக்கும் தெரியும். காரைக் கொண்டுபோம். எனக்கு ஒண்டும் வேண்டாம். பொலிசுக்கு மட்டும் போகவேண்டாம் எண்டு சொல்லும்."

சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்தார். மூன்று மாதத்துக்குப் பிறகு அன்றுதான் மூச்சு ஒழுங்காக வந்தது. மகாதேவி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நல்லதுதான். நீங்கள் நேர்மையான மனுசன்" என்று அவர் தோளில் கை வைத்தாள்.

வசந்தன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"கண்ணாடின்னு ஒங்களுக்கு யாருங்க சொன்னது?"

"இரத்தினபுரியில ஒரு புரோக்கர்."

"வெல கேட்டு வாங்கப் பாத்தவனாங்க?"

"ஓம்."

மகாதேவியின் கை அவர் தோளிலிருந்து மெல்ல எழுந்தது. வசந்தன் தலையைச் சொறிந்துகொண்டு, எதிரே நின்ற வெள்ளைக் காரைப் பார்த்தபடி சொன்னான்:

"வாங்க ஆசப்பட்ட கல்ல யாருங்க நல்ல கல்லுன்னு சொல்லுவா? அந்தக் கல்ல வித்துத்தான் மொதலாளி வரக்காப்பொலயில ரெண்டாவது கடையே போட்டிருக்காரு. நீங்க கோவிச்சுக்கிட்டுக் கல்லத் திருப்பிக் கேட்டு வந்துருவீங்களோன்னு பயந்துதாங்க, இந்தப் பேப்பரையும் எழுதி, மூணு மாசமா அந்த மனுசன் தூக்கமில்லாம என்னைய இங்க அனுப்பிக்கிட்டு இருக்காரு."