வீடு பார்க்கப் போன குடம்

முதலில் மன்னிப்பு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் சண்டை இல்லாமல் பிரிந்துவிட்டோம். என் கையெழுத்து மழையில் நனைந்த எறும்புக் கூட்டம் மாதிரி இருக்கும். எங்கே சின்ன ‘ர’, எங்கே பெரிய ‘ற’ என்பது அன்றன்றைக்கு என் மனசைப் பொறுத்தது. இதைத் தட்டச்சு செய்யும் புண்ணியவான் பார்த்துத் திருத்திக்கொள்ளட்டும்.

பேச்சும் எனக்கு வராது. கன்டெய்னர் யார்டில் வாட்ச்மேன் வேலை. லாரி வந்தால் கையை ஆட்டுவேன், போனாலும் கையை ஆட்டுவேன். அதற்குத்தான் சம்பளம். (கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்டபோதும் தலையைத்தான் ஆட்டினேன். இன்னும் நிறுத்தவில்லை என்கிறாள் என் மனைவி மல்லிகா.)

இப்படிப்பட்டவனைத்தான் மச்சான் வீடு பார்க்க அனுப்பினார்.

மச்சான் என்றால் மல்லிகாவின் அண்ணன். மீசை முளைத்ததும் பம்பாய்க்குப் போனவர். அங்கே தலையில் இட்லிக் குண்டானைச் சுமந்து தெருத்தெருவாக விற்றார். கழுத்து இனித் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சேர்த்ததையெல்லாம் போட்டு நம்ம ஊரில் ஒரு வீடு வாங்கி, வாடகைக்கு விட்டு, அந்தப் பணத்தில் பிள்ளைகளோடு பம்பாயிலேயே உட்கார்ந்து சாப்பிடுவது அவர் திட்டம். சடையங்குப்பம் பக்கம் ஒரு வீடு விலைக்கு வந்தது. புரோக்கர் வீடியோ அனுப்பியிருந்தான். அதில் அந்த வீடு எங்கள் கல்யாண ஆல்பத்தில் நான் இருப்பது போல, உண்மையைவிடப் பளிச்சென்று இருந்தது.

“வூட்ட நான் பாத்துட்டேன் மாப்ள. தெருவ நீ பாரு. மழைக்குத் தண்ணி நிக்குதா, அக்கம்பக்கம் எப்டி, நாலு பேராண்ட விசாரி. ஒன்ன நம்பித்தான் கீறேன்.”

மல்லிகா வீட்டார் என்னை நம்பியது அதுதான் முதல் தடவை. ஆனால் நாலு பேரிடம் விசாரிப்பதா? எனக்கு பஸ்ஸில் ஒருவரைத் தள்ளி உட்காரச் சொல்வதற்குள் ஸ்டாப் வந்துவிடும்.

யோசித்தேன். எங்கள் ராயபுரம் சந்தில் தண்ணி லாரிக்கு நிற்கும் பெண்கள் வரிசையில் பேசாத சங்கதி கிடையாது. எந்தச் சுவர் ஒழுகுகிறது, எந்த வீட்டில் மாமியார் சாப்பிடவில்லை, எல்லாம் வரும். கேள்வியே வேண்டாம், குடத்தோடு நின்றால் போதும். உடனே சமையலறையிலிருந்த ஆரஞ்சு பிளாஸ்டிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறினேன். மல்லிகாவிடம் சொல்லவில்லை. (உளவாளிகள் மனைவியிடம் சொல்வதில்லை என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டிருந்தேன்.)

ஒன்றை மறந்துவிட்டேன். ராயபுரம் வரிசையில் நின்றால் நான் மல்லிகாவின் வீட்டுக்காரன். இங்கே நின்றால் அடுத்த தெருவிலிருந்து தண்ணீர் திருட வந்தவன்.

அந்த வீடு பளபளவென்று புதுப் பச்சை பெயின்டில் நின்றது. அதன் எதிரே குடங்கள் வரிசையாக லாரிக்குக் காத்திருந்தன. கடைசியில் என் குடத்தை வைத்தேன். பேச்சு சட்டென்று நின்றது.

நைட்டி மேல் துண்டு போட்டிருந்த உயரமான பெண் கேட்டாள். “யாருய்யா நீ?”

பழக்க தோஷத்தில் கையை ஆட்டினேன்.

“இன்னா கைய ஆட்ற? லாரிக்கு ரிவர்ஸ் காட்றியா?”

“அந்தாண்ட தெரு ஆளு செல்வி,” என்றாள் பக்கத்திலிருந்த ஒல்லியான பெண். “போன வாரமும் ஒருத்தன் ரெண்டு கொடம் ரொப்பிகினு பூட்டான்.”

செல்வி என் குடத்தைத் தூக்கித் திருப்பினாள். வரிசையில் குடம் மாறிப் போகாமல் இருக்க, என் மனைவி அதில் நகப்பூச்சால் தன் பெயரை எழுதி வைத்திருந்தாள்.

“மல்லிகாவாம்டி! யோவ், நீதான் மல்லிகாவா?”

தெருவே சிரித்தது. (வெட்கப்படாமல் சொன்னால், நானும் கொஞ்சம் சிரித்தேன். அடி விழாமல் இருக்க அதுவும் ஒரு வழி.)

அப்போதுதான் போன் அடித்தது. பதற்றத்தில் எதையோ அழுத்தினேன். மச்சானின் முகமும் குரலும் வெளியே குதித்தன.

“மாப்ள! வூட்டாண்ட போயிட்டியா? உள்ள குடியிருக்கிறவங்கள காலி பண்ணிட்டு வேற ஆளு வச்சா வாடக ஏத்தலாமானு விசாரி!”

அணைக்கத் தெரியவில்லை. சத்தத்தை அமுக்கலாம் என்று செல்வியின் கையிலிருந்த குடத்துக்குள் போனைப் போட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த முட்டாள்தனங்களில் இது மட்டும் எதிரொலித்தது. குடத்துக்குள்ளிருந்து மச்சான், ஆடி மாத ஒலிபெருக்கி மாதிரி முழங்கினார். “பழைய ஆளுங்க வேணாம் மாப்ள! ஒட்டிகினு நவுர மாட்டாங்க!”

ஒருவரும் சிரிக்கவில்லை. செல்வி பச்சை வீட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

“அது நாங்க குடியிருக்கிற வூடு,” என்றாள். “விக்கிறாங்கனு ஒரு வார்த்த சொல்லல. பெயின்ட் அடிச்சப்ப எங்களுக்குத்தான் அடிக்கிறாருனு ஓனருக்கு டீ போட்டுக் குடுத்தேன். எம் பொண்ணு பன்னெண்டாவது பரீட்சைக்குப் படிச்சிகினு கீறா. நடுவுல எங்க போவேன்?”

என் கை, ஆடுவதற்குக்கூட எழவில்லை.

அவள் குடத்துக்குள் கைவிட்டு மச்சானை வெளியே எடுத்தாள். “அண்ணே, வணக்கம். வூடு பாக்கணுமா? வா, நான் காட்றேன்.”

உள்ளே போய் பீரோவை நகர்த்தச் சொன்னாள். நகர்த்தினேன். பெயின்டர் சோம்பலில் விட்டுவிட்ட சுவரில், என் இடுப்பு உயரத்துக்கு வெள்ளம் நின்ற கறை கோடாக ஓடியது.

“இது போன மழை. இத பாரு, ஜன்னல்ல கரி. காலைல தொடச்சா சாயங்காலம் கோலமே போடலாம். ட்ரெய்லர் லாரி போச்சுனா டம்ளருங்க டான்ஸ் ஆடும்.”

சொல்லி வைத்தாற்போல் ஒன்று போனது. ஆடின.

“அப்ப ஏம்மா நீ அங்க கீற?” என்றார் மச்சான். குரல் இறங்கியிருந்தது.

“எம் பொண்ணு சின்னதா இருந்தப்ப வந்த வெள்ளத்துல எதுர் வூட்டுக்காரன் அவள தோள்ல தூக்கிகினு போனான். வூடு கலீஜு, தெரு தங்கம். வாங்கறதா இருந்தா இந்தக் கோட்டக் காட்டி வெலயக் கொற, தரையத் தூக்கு. எங்களக் காலி பண்ணாத.”

போனில் மச்சான் கழுத்தைத் தடவிக்கொண்டார். “யோசிக்கிறேம்மா,” என்றார் கடைசியில்.

“யோசி. அதுவரைக்கும் ஒம் மாப்ள கொடம் எங்கிட்ட அட்வான்ஸ்.”

வெறுங்கையோடு வீடு திரும்பினேன். “கொடம் எங்க?” என்றாள் மல்லிகா. கையை ஆட்டினேன். அன்றைக்கு இரவு எனக்குச் சோறு வந்த விதத்தை எழுத வேண்டாம்.

மச்சான் ரயிலேறி வந்தார். பீரோவை நகர்த்தி, அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் ஓனரை நிற்க வைத்து விலை பேசி வாங்கினார். மழைக்கு முன் தரையை உயர்த்தினார். செல்வி அதே வீட்டில்தான் இருக்கிறாள், அவள் பெண்ணும் பரீட்சை எழுதி முடித்தாள். குடத்தைக் கேட்டதற்கு, “அட்வான்ஸ காலி பண்றப்பதான திருப்பிக் குடுப்பாங்க?” என்றாளாம்.

எங்கள் குடும்பத்தில் யார் பெண் பார்க்கவோ வேலை கேட்கவோ கிளம்பினாலும் மல்லிகா மறக்காமல் சொல்வாள்: “ஒரு கொடம் எடுத்துகினு போ.” அந்தத் தெருவில் என் பெயரும் இன்று வரை மல்லிகாதான். நிஜ மல்லிகா அங்கே போனால், “மல்லிகாவோட சம்சாரம்” என்கிறார்கள்.

காலையிலிருந்து அடைமழை. செல்வி போனில் ஒரு படம் அனுப்பியிருக்கிறாள். தண்ணீர் வாசல்படிக்குக் கீழேயே நிற்கிறது. படியில், அட்வான்ஸ் பத்திரமாக இருப்பது மச்சானுக்குத் தெரியட்டும் என்று, ஆரஞ்சுக் குடம்.

ராயபுரம்,
ஐப்பசி மாதக் கடைசி ஞாயிறு.