நூறு சதவீதம் கண்ட ஏழாவது வட்டம்

மக்களாட்சி தோன்றிய நாள் முதல் எந்த அறிஞருக்கும் பிடிபடாத ரகசியம், ஏழாவது வட்டத் தேர்தல் அலுவலகத்தில், மின்விசிறி ஓடாத ஒரு செவ்வாய்க்கிழமை, அலுவலருக்குப் பிடிபட்டது.

போன தேர்தலில் அந்த வட்டத்தில் ஓட்டுப் போட்டவர்கள் நாற்பத்தொரு சதவீதம். மேலிடம் நூறு கேட்டது. பலூன் விட்டார்கள், பேரணி போனார்கள், 'விழிப்புணர்வு ஓட்டம்' ஓடினார்கள். மக்கள் பால்கனியில் நின்று கைதட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

"ஓட்டுப் போடுறவங்களைக் கூட்டினாதான் சதவீதம் ஏறுமா?" என்றார் அலுவலர். "போடாதவங்களைக் கழிச்சா ஏறாதா?"

குமாஸ்தாவுக்குப் புல்லரித்தது. அன்றே சிவப்புப் பேனாவும் கையுமாக உட்கார்ந்து, போன தடவை வராதவர்களின் பெயர்களை எல்லாம் வாக்காளர் பட்டியலில் 'ஆர்வமின்மை காரணமாக' அடிக்கத் தொடங்கினார். மூன்றாம் நாள் ஒரு பெயரில் பேனா நின்றது.

"சார், இது என் மாமியார். அன்னைக்கு இடுப்பு உடைஞ்சு ஆஸ்பத்திரியில கிடந்தாங்க."

"நாட்டுக்கு முன்னாடி மாமியார் என்னய்யா?"

அடித்தார். வீட்டில் மூச்சு விடவில்லை. அங்கே மாமியார் கைத்தடியோடு கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்து நடந்து பழகிக்கொண்டிருந்தார். "இந்தத் தடவை தவழ்ந்தாவது போய் ஓட்டுப் போட்டுடுவேன், மாப்பிள்ளை!" அதைக் கேட்கும்போதெல்லாம் குமாஸ்தாவுக்குச் சோறு இறங்கவில்லை.

தேர்தலன்று மாமியார் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று வாக்குச்சாவடி மேசைக்கு வந்தார். பட்டியலோடு உட்கார்ந்திருந்தது மாப்பிள்ளையேதான்.

"உங்க பேரு இல்லீங்க, அத்தை."

"ஏன் இல்லை?"

"உங்களுக்கு ஓட்டுப் போடுறதுல ஆர்வம் இல்லைன்னு பதிவாகியிருக்கு."

"அப்போ இவ்வளவு நேரம் எதுக்கு நின்னேன்? உங்க மூஞ்சியப் பார்க்கவா? அதைத்தான் வீட்டுல தினமும் பார்த்துத் தொலைக்கிறேனே!"

மாலை ஐந்து மணிக்குப் பட்டியலில் பன்னிரண்டு பேர் மட்டும் வராமல் இருந்தார்கள். அலுவலர் சிவப்புப் பேனாவை நீட்டினார். ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்கு நூறு சதவீதம்!

பாராட்டு விழாவில் கூட்டம் அலைமோதியது. கேடயத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அலுவலர் ஒலிபெருக்கியில் முழங்கினார்: "இந்த வட்டத்துல ஓட்டுப் போடாத ஒரே ஒரு ஆளைக் காட்டுங்க பார்ப்போம்!"

முன்வரிசையில் மாமியார் எழுந்து கையைத் தூக்கினார். அவருக்குப் பின்னால் ஒன்று, பத்து, நூறு என்று அரங்கத்தில் பாதிக்கு மேல் கைகள் எழுந்தன.

அலுவலர் ஒலிபெருக்கியைப் பொத்திக்கொண்டு குமாஸ்தாவிடம் குனிந்தார். "இவங்கள்லாம் நம்ம பட்டியல்ல இருக்காங்களா?"

"இல்லை, சார்."

"அப்புறம் என்னய்யா பயம்? கூட்டத்துல யாருமே கை தூக்கலைன்னு விழா அறிக்கையில எழுது."

குமாஸ்தா முன்வரிசைப் பக்கம் திரும்பாமல், 'ஒருவரும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.