நான் செத்த கதையில் பாதி

சொல்லிக்கொள்ளும்படி ஒரு கஷ்டமும் படாதவர்கள் சாட்சி சொல்லக் கிளம்பக் கூடாது. மீறிக் கிளம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இந்த ஜில்லாவிலேயே நல்ல உதாரணம் நான்தான்.

எழுபதுகளின் தொடக்கம். கடத்தூர்ப் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்திய தையல் வகுப்பில் உதவி டீச்சராக இருந்தேன். இருபத்திரண்டு வயது. உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நம்பிக்கொண்டிருந்த காலம். எங்கள் சிஸ்டர் எமிலி மங்களூர்க்காரர். கன்னடத்தைத் தொட்டுக்கொண்டு தமிழ் பேசுவார். ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலம் தொடங்கியதும் அவருக்கு ஒரு யோசனை வந்தது.

"பிரசங்கம் கேட்டுக் கேட்டு ஜனங்களுக்குத் தூக்கம் வருது. நீங்க உங்க கையால ஏதாவது ஒண்ணு செய்யுங்க. உங்க வாழ்க்கைல நடந்தத அது சொல்லணும். கிராமத்துக்குப் போயி அதக் கையில வெச்சுக்கிட்டு, ஆண்டவர் உங்களுக்கு என்ன பண்ணினாருன்னு சாட்சி சொல்லுங்க. நிதானமா பேசுங்க, பரவால்ல. நடுவுல கொஞ்சம் நிறுத்துங்க. நிறுத்தினாத்தான் ஜனங்க கேப்பாங்க."

இந்த நடுவில் நிறுத்துவதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொண்டவள் நான் ஒருத்திதான்.

என்னோடு வேலை பார்த்த ரோசம்மா ஒட்டுத்துணிப் போர்வை ஒன்று தைத்தாள். மைசூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்துக்குப் போய்த் திரும்பி வராத புருஷனின் சட்டைகள், காலராவில் போன இரண்டு குழந்தைகளின் துணிகள், எல்லாம் அதில் இருந்தன. அவள் பேசக்கூட வேண்டாம், போர்வையை விரித்தாலே போதும், எதிரில் இருப்பவர்கள் அழுதுவிடுவார்கள். இன்னொருத்தி, எரிந்துபோன தன் வீட்டை ஈச்ச ஓலையில் சின்னதாகப் பின்னினாள். எனக்கு என்ன இருந்தது? அப்பா தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. மூன்று வேளையும் சாப்பாடு. எனக்குத் தெரிந்த ஒரே துன்பம் கத்தரிக்காய்க் குழம்பு. (அதை வைத்து என்ன தைக்க முடியும்?)

அம்மாவிடம் போனேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, எனக்கு ஏதாவது கஷ்டம் வந்திருக்குதா?"

"நீ பொறந்ததே எனக்குக் கஷ்டந்தான்" என்றாள். பிறகு முறத்தைப் புடைத்துக்கொண்டே, "அஞ்சு வயசுல செத்துப் போனியே, வேணும்னா அதச் சொல்லு" என்றாள்.

பால் பொங்கி வழிந்த கதையைச் சொல்வது போலத்தான் சொன்னாள். விஷக்காய்ச்சல். பேச்சு மூச்சு இல்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து ஒப்பாரி வைத்தாயிற்று. மூக்கில் பஞ்சும் வைத்தாயிற்று. சவப்பெட்டி செய்ய ஆசாரி கயிற்றால் அளவெடுத்துக்கொண்டு போனான். அந்த நேரத்தில் வேறு ஏதோ வேலையாக சைக்கிளில் அந்த வழியே வந்த கம்பவுண்டர், கூட்டத்தைப் பார்த்து உள்ளே வந்து என் கையைப் பிடித்திருக்கிறார். உயிர் இருக்கிறது என்று சொல்லி ஊசி போட்டு, மாட்டுவண்டியில் தர்மபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறார். அங்கே நான் கண்ணைத் திறந்தேன்.

"அந்தப் பொட்டி?" என்று கேட்டேன்.

"ஆசாரி செஞ்சு முடிச்சிட்டான். திருப்பிக் குடுக்க முடியுமா? கோழி அடைச்சோம்."

அந்தப் பெட்டி எனக்குத் தெரியும். சின்ன வயதில் சாயங்காலம் கோழிகளை அதற்குள் விரட்டிவிடுவது என் வேலை. சமயத்தில் நானும் உள்ளே நுழைந்து ஒளிந்திருக்கிறேன்.

ஆக, எனக்கும் ஒரு கதை கிடைத்துவிட்டது. ரோசம்மாவின் போர்வையைத் தோற்கடிக்கும் கதை. செத்துப்போன என்னை நானே செய்வது என்று முடிவு செய்தேன்.

பழைய பெட்ஷீட்டில் ஐந்து வயதுக் குழந்தை உயரத்துக்கு உடம்பு தைத்து வைக்கோல் திணித்தேன். டிரங்குப் பெட்டியில் கிடந்த என் வெள்ளைக் கவுனை மாட்டினேன். சவுரி கட்டச் சேர்த்து வைத்திருந்த என் சொந்த முடியை வைத்துத் தலை. முகத்தைக் களிமண்ணில் பிடித்து, கண்ணுக்குப் புளியங்கொட்டை பதித்து, கோயிலில் மிஞ்சிய மெழுகுவத்தித் துண்டுகளை உருக்கி மேலே ஊற்றினேன். மெழுகு ஆறியதும் தொட்டுப் பார்த்தேன். தோல் மாதிரியே இருந்தது. செத்த தோல்.

அம்மா வந்து பார்த்தாள். சாமான் அறையின் வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"கண்ணு மூடியில்ல இருந்துச்சு" என்றாள், மெதுவாக.

அதனால் புளியங்கொட்டைகளின் மேல் மெல்லிசாக மெழுகை வழித்து இமைகளை மூடினேன். அன்றிலிருந்து அம்மா அந்த அறைக்குள் தனியாகப் போகவில்லை. மிளகாய் எடுக்கக்கூட என்னைத்தான் அனுப்பினாள். எனக்கும் உள்ளே போனால், யாரோ பேசிக்கொண்டிருந்ததைச் சட்டென்று நிறுத்திவிட்டது போல் இருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை, நானும் ரோசம்மாவும் பாப்பிரெட்டிப்பட்டி பஸ்ஸில் ஏறினோம். அங்கிருந்து மலையடிவாரத்துக் கிராமம் ஒன்றுக்கு நடந்து போக வேண்டும். சிஸ்டர் காலையிலேயே ஜீப்பில் வேறு ஊருக்குப் போயிருந்தார். சாயங்காலம் வந்து எங்களை அழைத்துக்கொள்வதாக ஏற்பாடு. பொம்மையைப் போர்வையில் சுற்றி மடியில் படுக்க வைத்திருந்தேன்.

கண்டக்டர் வந்தார். "கொழந்தைக்கு வயசு என்னாங்க?"

"அஞ்சுங்க" என்றேன். கதை நாக்கிலேயே இருந்தது.

"அர டிக்கெட்டு எடுக்கணும்" என்று சொல்லிக்கொண்டே போர்வை ஓரத்தை விலக்கினார். பார்த்தார். திரும்ப மூடினார். அவர் குரல் இறங்கிவிட்டது.

"ஏங்க, பொணத்த பஸ்ல ஏத்தக் கூடாதுன்னு தெரியாதுங்களா?"

"பொணம் இல்லீங்க" என்றேன், அவசரமாக. "இது நாந்தானுங்க."

ரோசம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். எங்களுக்கு முன்னும் பின்னும் உட்கார்ந்திருந்தவர்கள் சத்தமில்லாமல் எழுந்து போனார்கள். ரோசம்மா எவ்வளவோ விளக்கம் சொன்னாள். எங்களை இறக்கிவிட வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசைதான். ஆனால் இறக்கிவிட யாராவது பக்கத்தில் வர வேண்டுமே. பாப்பிரெட்டிப்பட்டி வரைக்கும் காலி சீட்டுகளுக்கு நடுவே நாங்கள் மூன்று பேரும் போய்ச் சேர்ந்தோம்.

அங்கிருந்து கிராமத்துக்கு நடந்தோம். பங்குனி வெயில். எதிரில் சித்தேரி மலை அனலில் ஆடிக்கொண்டிருந்தது. வழியில் ஒரு நாய் வாலாட்டிக்கொண்டே கூட வந்தது. பிறகு மூக்கைத் தூக்கி எதையோ மோந்துவிட்டு, காலிடுக்கில் வாலை வைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் ஓடியது. ரோசம்மா என்னைவிட்டுக் கொஞ்சம் தள்ளி நடக்கத் தொடங்கினாள்.

கோயில் என்பது நான்கு சுவரும் தகரக் கூரையும்தான். உள்ளே அடுப்பு மாதிரி இருந்தது. ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் ஊரைக் கூட்டி வைத்திருந்தார். முதலில் ரோசம்மா போர்வையை விரித்தாள். எல்லோரும் அழுதார்கள். அடுத்து நான். பீடத்துக்கு முன்னால் பெஞ்சில் பொம்மையைக் கிடத்தி, கையைக் கூப்பி வைத்து, போர்வையை விலக்கினேன்.

அழுதுகொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். தகரத்தில் இருந்த ஓட்டை வழியாக வெயில் ஒரு துண்டாக இறங்கி, நேராகப் பொம்மையின் முகத்தில் விழுந்தது. ஆண்டவரே விளக்குப் போட்டுக் கொடுக்கிறார் என்று நினைத்தேன். (இருபத்திரண்டு வயதில் அப்படித்தான் நினைக்கத் தோன்றும்.)

"மூச்சு நின்னுபோச்சுன்னு எல்லாரும் சொல்லிட்டாங்க. மூக்குல பஞ்சு வெச்சிட்டாங்க. பொட்டிக்கு அளவெடுத்துட்டாங்க. நான் இதோ, இப்பிடித்தான் கெடந்தேன். அப்பத்தான்…"

நிறுத்தினேன். சிஸ்டர் சொல்லிக்கொடுத்தது. அடுத்து நான் சொல்ல இருந்த வார்த்தை 'கம்பவுண்டர்'.

அந்த இடைவெளியில், முன்வரிசையில் இருந்த வயதான ஆயா ஒருத்தி, யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பது போல மெல்லச் சொன்னாள்: "கண்ணு தொறக்குது."

திரும்பினேன். வலது இமை நழுவி இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து கறுப்பாக, பளபளவென்று ஒரு கண் என்னைப் பார்த்தது. பிறகு இடது கண். இரண்டு கண்ணிலிருந்தும் கன்னத்தில் ஏதோ வழிந்தது.

களிமண் பிசைந்தது நான். புளியங்கொட்டை பதித்தது நான். இமையை வழித்ததும் நான்தான். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அவள் எழுந்துவிட்டாள், இனி நான்தான் போக வேண்டும் என்று மட்டும் தோன்றியது. அந்தக் கோயிலில் முதலில் அலறியதும் முதலில் ஓடியதும் சாட்சி சொல்ல வந்தவள்தான். எனக்குப் பின்னால் பாதி ஊர் ஓடி வந்தது.

மீதிப் பாதி முழங்காலில் விழுந்திருந்தது. நான் திரும்பி வந்தபோது உள்ளே பாட்டுத் தொடங்கிவிட்டார்கள். உபதேசியார் என் அருகில் வந்து, "இது புதுமைங்களாம்மா? ஆண்டவர் செஞ்ச அற்புதமா?" என்று கேட்டார். ரோசம்மாதான் ஒவ்வொருவரிடமும் போய், "மெழுகுங்க, வெயிலுக்கு உருகிடுச்சு" என்று சொன்னாள்.

அந்த ஆயா கேட்டாள்: "மெழுகுன்னே இருக்கட்டும். அது ஏம்மா சரியா அந்த நேரத்துல உருகுச்சு?"

ரோசம்மா அடுத்த ஆளிடம் போய்விட்டாள்.

செய்தி வயல்வெளியில் காற்று போலப் போயிருக்க வேண்டும். வெயில் சாயும்போது ஒரு பெண் வரப்பில் ஓடி வந்தாள். பக்கத்துப் பட்டியைச் சேர்ந்த சின்னப்பொண்ணு. கோயிலுக்கு வருகிற குடும்பம் இல்லை. தோளில் அவள் மகள், ஐந்தாறு வயது இருக்கும். யாரையும் கேட்காமல் குழந்தையை என் பொம்மைக்குப் பக்கத்தில் படுக்க வைத்துவிட்டு, ஓரமாக உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டும் ஒரே உயரம். ஒரே நிறம். இரண்டின் மேலும் ஈ உட்கார்ந்தது, இரண்டும் அசையவில்லை. ஒன்று கண்ணைத் திறந்து வைத்திருந்தது, மற்றொன்று மூடியிருந்தது. திறந்திருந்ததுதான் பொம்மை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. தொட்டுப் பார்த்தேன். இரண்டும் சுட்டன.

"எத்தன நாளா காய்ச்சலு?" என்றேன்.

"வாரம் ஓடிப்போச்சு. நேத்துலருந்து பேச்சில்ல."

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போலாங்க. எங்க சிஸ்டரு ஜீப்பு வரும்."

"வேணாங்க. இங்கயே கெடக்கட்டும். உன்ன எழுப்புன சாமி இதயும் எழுப்பும்."

கூட்டம் ஆமாம் என்றது. நான் மெழுகு என்றேன், வெயில் என்றேன், புளியங்கொட்டை என்றேன். சின்னப்பொண்ணு என் முகத்தைப் பார்க்கவே இல்லை. பொம்மையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தையின் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. என் மூக்கில் பஞ்சு வைத்தவர்களும் இப்படித்தான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள் என்று தோன்றியது. அப்போதுதான் உண்மையான பயம் வந்தது.

பெஞ்சுக்குப் போய், பொம்மையின் தாடைக்குக் கீழே விரல் விட்டு, முகத்தைப் பிய்த்தேன்.

கூட்டத்திலிருந்து முனகல் போல ஒரு சத்தம் வந்தது. மெழுகு சவ்வு மாதிரி நீண்டு நீண்டு வந்தது. நகத்தில் ஒட்டியது. என் முகம்தான் அது. உள்ளே களிமண் உருண்டை. இரண்டு புளியங்கொட்டைகளையும் நோண்டி எடுத்துச் சின்னப்பொண்ணின் கையில் வைத்தேன்.

"அக்கா, நான் பாதிக் கததான் சொன்னேன். மீதியக் கேளுங்க. அப்பத்தான் கம்பவுண்டரு வந்தாரு. ஊசி போட்டாரு. எங்கம்மா என்னத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. அங்கதான் நான் கண்ணு தொறந்தேன்."

அவள் கையில் இருந்த கொட்டைகளைப் புரட்டிப் பார்த்தாள். "அப்ப சாமி?"

"சாமிதாங்க கம்பவுண்டர சைக்கிள்ல அனுப்புனாரு."

(இதுவரை நான் செய்த பிரசங்கம் அது ஒன்றுதான்.)

சின்னப்பொண்ணு எழுந்தாள். குழந்தையைத் தூக்கினாள். கொட்டைகளைக் கீழே போட்டுவிட்டு, "வழியக் காட்டு" என்றாள்.

ஜீப்பைப் பாதி வழியிலேயே மறித்து ஏறினோம். முகமில்லாத பொம்மையைத் தங்கள் ஊரில் வைத்துக்கொள்ள முடியாது என்று உபதேசியார் கெஞ்சியதால் அதுவும் வண்டியில் வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் சிஸ்டர் இறங்கி, "சீக்கிரம், கொழந்த" என்று சத்தம் போட்டார். ஓடி வந்த ஆள் அரையிருட்டில் கைக்குக் கிடைத்ததை வாரித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். விளக்கு வெளிச்சத்தில் முகத்தைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். அப்புறம் அவரையும் ஒரு கட்டிலில் படுக்க வைக்க வேண்டியதாயிற்று. 'இது யாரு?' என்று டாக்டர் கேட்டபோது, 'நாந்தாங்க' என்று சொல்லாமல் இருக்கும் அளவுக்கு நான் தெளிந்திருந்தேன்.

செல்வி பிழைத்துக்கொண்டாள். செல்வி என்பது அந்தக் குழந்தையின் பெயர். சில மாதம் கழித்துச் சின்னப்பொண்ணு ஒரு மூட்டை நிலக்கடலையோடு தையல் வகுப்புக்கு வந்தாள். "அந்தப் பொம்மைய மட்டும் எங்கண்ணுல காட்டிறாதீங்க" என்றாள். காட்ட ஒன்றும் மிச்சமில்லை. அதை எரிக்கவும் புதைக்கவும் அம்மா சம்மதிக்கவில்லை. பெற்றவளுக்கு மனசு வரவில்லை. பிரித்து, வைக்கோலை மாட்டுக்குப் போட்டோம். மாடு மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டது. சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "இனிமே நீ கர்ச்சீப்புல பூ போடு. அது போதும்" என்றார்.

ஆனால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் கதை அடங்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வருவார்கள், காப்பியைக் கையில் வாங்குவார்கள், "செத்துப் பொழச்சது இந்தப் பொண்ணுங்களா?" என்று கேட்பார்கள், காப்பியை அப்படியே வைத்துவிட்டுப் போவார்கள். கடைசியில் அதியமான்கோட்டைக்காரர் ஒருவர் காப்பியை முழுதாகக் குடித்தார். அவருக்கே என்னைக் கொடுத்தார்கள்.

தாலி கட்டும்போது அவர் விரல் என் கழுத்தில் பட்டது. பட்டு, தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. நான் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த ஒரு தொடுதலை நினைத்தே முதல் பிள்ளை பிறக்கும்வரை அவருடைய எல்லாக் குற்றங்களையும் மன்னித்திருக்கிறேன். பிறகு ஒருநாள் விருந்தாளிகள் நிறைந்த வீட்டில், சாப்பாட்டுக்கு நடுவே, அவராகவே சொன்னார்.

"ஊருல ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. எதுக்கும் இருக்கட்டும்னு, தாலி கட்டறப்ப நகத்தால லேசாச் சுரண்டிப் பாத்தேன்."

இப்போது எங்கள் வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும், என் பிள்ளைகள் இலை போடுவதற்கு முன்னால் இந்தக் கதையைத்தான் போடுகிறார்கள்.