கொய்யா மரத்தடியில் உதறிய கல்

என் கைக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. என்னைக் கேட்காமலே வேலையை முடித்துவிடும். வாய் கூச்சப்பட்டு மூடிக் கிடக்கிறதே, அதற்கும் சேர்த்து.

என் வீட்டுக்காரர் நெய்வேலிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் இருந்தார். ஷிஃப்ட் முடிந்து வந்ததும் அவர் சட்டைப் பையைப் புரட்டி, குவார்ட்டர்ஸின் பின்பக்கம் கொய்யா மரத்தடியில் உதறுவேன். கரிப்பொடியும் பொடிக்கற்களுமாகக் கொட்டும். முப்பது வருஷம் உதறினேன். (கொய்யா கருப்பாகக் காய்க்காததுதான் ஆச்சரியம்.) ஓய்வு பெற ஏழு மாதம் இருக்கையில், ஒரு நாள் ஷிஃப்டிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை.

முதல் வருஷத் திதிக்கு மகள் செல்வி சென்னையிலிருந்து வந்தாள். பௌதிக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். என்ன ஆராய்ச்சி என்று யாராவது கேட்டால், "கல்லு" என்பேன். (ஐந்தாவது படித்தவளுக்கு அதற்குமேல் ஓடாது.) மறுநாள் பெங்களூர் போய் அந்தக் கல்லை ஒரு பெரிய மெஷினில் வைத்துப் பார்க்கவேண்டும். அதற்கு நாலு மாதம் காத்திருந்து நாள் வாங்கியிருந்தாள்.

வந்ததும் குளிக்கப் போனாள். கழற்றிப் போட்ட சட்டையைத் துவைக்க எடுத்தேன். பையில் சின்ன பிளாஸ்டிக் டப்பா. திறந்தால் எள்ளைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கருப்புக் கல். சென்னை வரை போயும் இந்தக் கரி விடவில்லையே! மரத்தடியில் ஓர் உதறல். டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்தேன்.

"அம்மா, இதுல இருந்தது எங்க?"

"கரிதானேம்மா... உதறிட்டேன்."

செல்வி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எட்டு மாசமா உலையில வெச்சு வளத்தேம்மா. இது ஒண்ணுதான் நல்லா வந்துச்சு."

உள்ளே படையல் இலை ஆறிக்கொண்டிருக்க, எல்லோரும் மரத்தடியில் குனிந்து கிடந்தோம். பக்கத்து வீட்டுக் கோகிலா பழைய ஸ்பீக்கர் காந்தத்தோடு ஓடிவந்தாள். "காந்தத்துல வெக்கிற கல்லுன்னு சொல்லுவியே பாப்பா, இத்தக் காட்டுனா ஒட்டிக்கினு வராதா?"

"வராது அத்தை. கடுங்குளிர்ல வெச்சாதான் அதுக்கு உசுரு. அப்ப காந்த சக்தி குட்டிக் குட்டிச் சுழியா உள்ள பூந்து, கல்லுல எங்க குறை இருக்கோ அங்க மாட்டிக்கும். அப்புறம் நகராது. அதனாலதான் கல்லு காந்தத்து மேல அந்தரத்துல நிக்கும்."

"எங்க வூட்டு ஃபிரிட்ஜ் புதுசுதான். வெச்சிப் பாக்கிறியா?"

செல்வி அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். எனக்கு மண்ணுக்குள் புகுந்துவிடலாம் போலிருந்தது. (நெய்வேலியில் அதுவும் முடியாது. தோண்டி எடுத்துவிடுவார்கள்.)

மன்னிப்புக் கேட்க வாய் எழவில்லை. முறத்தை எடுத்துவந்து மண்ணைப் புடைத்தேன். பொழுது சாய்வதற்குள் எழுபது எண்பது கருப்புக் கற்கள் சேர்ந்தன. எது அவளுடையது, எது அவர் கொண்டுவந்தது என்று செல்விக்கே தெரியவில்லை. நசுக்கிப் பார்க்கவும் பயம், அவள் கல்லும் நொறுங்கிவிடுமே. ஊறுகாய் பாட்டிலில் போட்டுக் கொடுத்தேன். பெங்களூர்ப் பயணத்தை விட்டுவிட்டு, பாட்டிலோடு சென்னைக்குத் திரும்பினாள்.

பத்து நாள் கழித்துப் போன் செய்தாள். ஒவ்வொன்றாகக் குளிரில் முக்கி, காந்தத்தின் மேல் வைத்துப் பார்த்தாளாம்.

"ஒண்ணும் அந்தரத்துல நிக்கலம்மா. அத்தனையும் கரி."

"கொட்டிடும்மா" என்றேன்.

"அப்பா பாக்கெட்ல வந்ததும்மா. கொட்ட மாட்டேன்" என்றாள்.

அடுத்த மாதம் குவார்ட்டர்ஸைக் காலி செய்தேன். கொய்யா மரம் அங்கேயே நின்றுவிட்டது. செல்விக்குப் பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போனது. இப்போது நல்ல வேலையில் இருக்கிறாள். ஊறுகாய் பாட்டில் அவள் மேஜைமேல் இருக்கிறதாம்.

எப்போது வந்தாலும் வாசலிலேயே நின்று இரண்டு பைகளையும் வெளியே இழுத்துக் காட்டுவாள். "சோதனை போட்டுக்கோம்மா. உதற ஒண்ணும் இல்ல." மாப்பிள்ளையும் காட்டுவார். பேத்தி கவுனில் பையே கிடையாது. அவளும் வரிசையில் நின்று உள்ளங்கையை விரித்துக் காட்டுவாள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

பீரோவில் அவருடைய கடைசி ஷிஃப்ட் சட்டை இருக்கிறது. அதன் பையை மட்டும் இன்னும் உதறவில்லை.