பிசுக்கு மேடமும் கிளிசரால் கேனும்

உலகத்திலேயே பாக்டீரியாவைப் பார்த்து, "சாப்பிட்டீங்களா?" என்று மரியாதையாக விசாரித்த ஒரே பிறவி எங்கள் பிசுக்கு மேடம்தான். என்னைக்கூட அவர் அப்படிக் கேட்டதில்லை.

மைசூரில் ஒரு கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையில் நான் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். அவர் ஆராய்ச்சியாளர், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கத்துத் தமிழர். அழகான பெயர் ஒன்று உண்டு. ஆனால் அவர் தொட்ட பேனா, கதவு, லிஃப்ட் பட்டன் எல்லாமே கையில் ஒட்டும். பட்டப்பெயரும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

காரணம், கிளிசரால். ஓட்டலில் பொரித்து மிஞ்சிய எண்ணெயிலிருந்து பயோடீசல் எடுத்தால், அடியில் காப்பி நிறத்தில் கொழகொழவென்று ஒரு கழிவு தங்கும். சோப்பும் உப்பும் மெத்தனாலும் கலந்திருப்பதால் அதை யாரும் சீண்ட மாட்டார்கள். குண்டலுபேட்டை அருகே ஒரு சின்ன ஆலையில் கேன் கேனாகத் தேங்கிக் கிடந்தது. அதைப் பாக்டீரியாவுக்குத் தின்னக் கொடுத்து எரிபொருளாக்கியே தீருவேன் என்று கிளம்பியவர் மேடம்.

கேனை அவரே பஸ்ஸில் கொண்டுவருவார். ஒருமுறை கண்டக்டர் அதை வெல்லப்பாகு என்று நினைத்து, "ஜோனி பெல்லாவா அம்மா?" என்று விரலை விட்டு வாய்க்குக் கொண்டுபோனார். மேடம் பளாரென்று கையிலேயே ஒன்று வைத்தார். பஸ் நின்றுவிட்டது.

"தின்னா கண்ணு போயிருமுங்க!" என்று கத்தி, தன் தண்ணீர் பாட்டிலைக் காலிசெய்து அவர் விரலைக் கழுவிவிட்டார். மைசூர் வரும்வரை கண்டக்டர் அந்த விரலைத் தனியாக நீட்டிக்கொண்டே டிக்கெட் கிழித்தாராம்.

"சுத்தமான கிளிசராலே வாங்கித் தரேனே மேடம்" என்றேன்.

"ஏனுங்கண்ணா, கல்யாணச் சாப்பாடு போட்டுப் பழக்கினா, அப்புறம் இதுக கழிவைத் தொடுமுங்களா?"

தொட்டவை எல்லாம் செத்தன. ஒரு வருடம் போல, குடுவை குடுவையாகச் செத்தன. மேடம் சளைக்கவில்லை. ஒருநாள் கேனுக்குப் பதில் ஒரு டப்பா நிறைய மண்ணோடு வந்து இறங்கினார். ஆலையில் கேன் ஒழுகிய இடத்து மண்!

"இதுல இருக்கறதுக வருசக்கணக்கா அதையேதானுங்க தின்னுட்டுக் கெடக்குதுக!"

அவை பிழைத்தன. ஆனால் அதற்குள் துறைத் தலைவருக்குப் பொறுமை போய்விட்டது. அவரும் தமிழர்தான், கோபம் மட்டும் கன்னடத்தில் வரும்.

"சாக்கு அம்மா, சாக்கு! போதும்! திங்கக்கிழமை ரூமைக் காலி பண்ணிடுங்க. புது மெஷின் வருது."

"திங்கக்கிழமை ஒரு வெளக்கு பத்தவெச்சுக் காட்டறனுங்க சார். எரியலீன்னா நானே காலி பண்ணிக்கறேன்."

திங்கட்கிழமை, பாக்டீரியா தந்த திரவத்தை இரண்டு முறை வடித்து, விளக்கில் ஊற்றித் தீக்குச்சியை வைத்தார். நீலமாக எரிந்தது. நான் கைதட்டினேன்.

"இருங்க. கழிவுலயே மெத்தனால் இருந்துச்சே, அதுதானே எரியுது?" என்றார் தலைவர்.

என் கை பாதியில் நின்றது. மேடம் அமைதியாக இன்னொரு விளக்கை எடுத்து வைத்தார்.

"இதுவும் அதே கேனுதானுங்க. ரெண்டுலயும் மொதல்லயே மெத்தனாலைச் சூடு பண்ணி வெரட்டிட்டேன். வடிச்சதும் ஒரே மாதிரி. இதுல பாக்டீரியா மட்டும் போடலீங்க."

குச்சி வைத்தார். அணைந்தது. இன்னொன்று, அதுவும் அணைந்தது. தலைவர் தீப்பெட்டியைப் பிடுங்கித் தானே உரசினார். அணைந்தது. மூன்று குச்சிகள் வீணானபின், அந்தச் சிடுமூஞ்சி மனுஷர் வாய்விட்டுச் சிரித்தார்.

"ரூம் இருக்கட்டும்மா. மெஷினை என் ரூம்ல வெச்சுக்கறேன்."

மேடம் கண்ணைத் துடைத்தார். பிசுக்குக் கையல்லவா, இமை ஒட்டிக்கொண்டது. நான்தான் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன்.

இப்போது காற்றுப் பட்டாலே செத்துப்போகும் வேறொரு பாக்டீரியாவைப் பிடித்து, பியூட்டனால் என்ற இன்னொரு எரிபொருளை எடுக்கப் பார்க்கிறார். மறுபடி குடுவை குடுவையாகச் சாவு. நான் ஓய்வுபெற்று எட்டு மாதமாகிறது. ஆனாலும் செவ்வாய்க்கிழமை தவறாமல் போய், பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுகிறேன். மற்றவர்கள் ஜெயிப்பதைப் பார்ப்பதைவிட, இவர் தோற்பதைப் பார்த்துவிட்டு வந்தால்தான் எனக்கு அந்த வாரம் நன்றாக இருக்கிறது.